சூப்பர்கிராஸ் மட்டும் போதுமா, மோட்டோகிராஸும் வேண்டுமா?

அமெரிக்காவில் மண் தட பைக் பந்தயத்தின் 450 (சிசி) வகுப்பில் ஓட்டும் ரேஸர், ஒப்பந்தம் போடும்போது யோசிக்கும் விஷயம் இது.

நேரம்
சூப்பர்கிராஸ்: இறுதிப் போட்டி 20 நிமிடமும் ஒரு லேப்பும்.
மோட்டோகிராஸ்: 30 நிமிடமும் 2 லேப்பும். அதுவும் ஒரே நாளில் இரண்டு முறை (ஒவ்வொன்றும் ஒரு 'மோட்டோ'), கோடை வெயிலில்.

தடம்
சூப்பர்கிராஸ்: ஸ்டேடியத்துக்குள் மண் கொட்டி அமைப்பது. இடம் குறுகல்; ஸ்டார்ட் சொதப்பினால் முன்னேறுவது பெரும்பாடு. 'வூப்ஸ்' எனும் வரிசை மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டே பைக் பாய வேண்டும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டால் ஆளையே தூக்கி எறிந்துவிடும்.
மோட்டோகிராஸ்: திறந்தவெளி, அதிக வேகம். இரண்டாவது மோட்டோவுக்குள் சக்கரத் தடங்கள் ஆழமாக விழுந்துவிடும்.

காயம்
இரண்டிலும் ஆபத்துதான். 2023இல் டென்வர் சூப்பர்கிராஸில் பட்டத்தை நெருங்கியிருந்த ஈலை டோமாக், கீழே விழாமலே குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார். பட்டம் சேஸ் செக்ஸ்டனுக்குப் போனது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பெயர்
சூப்பர்கிராஸ்: கூட்டமும் ஸ்பான்சரும் இங்கேதான் அதிகம். ஜெரமி மெக்ராத் 7 பட்டங்களால் நட்சத்திரமானார்.
மோட்டோகிராஸ்: ரிக்கி கார்மைக்கேல் 2002, 2004 இரு ஆண்டுகளிலும் 24 மோட்டோக்களையும் வென்றார். என் கணக்கில் அதற்கு மேல் ஒரு சாதனை இல்லை.

வயது கூடி, குடும்பம், பழைய காயங்கள் என்று இருப்பவருக்கு சூப்பர்கிராஸ் மட்டும் போதும். இளையவர் இரண்டையும் ஓட்டுவதே நல்லது: 2023 முதல் இரு தொடர்களின் புள்ளிகளையும் கூட்டித்தான் எஸ்எம்எக்ஸ் (சூப்பர்மோட்டோகிராஸ்) எனும் சீசன் இறுதித் தொடரின் பிளேஆஃபில் இடம் தருகிறார்கள்.