விடுதி மெஸ்ஸுக்கு மகளிர் குழு சப்ளை: ஒன்றரை வருஷம் வாங்கிப் பாத்துட்டு எழுதுறேன்

மொதல்லயே ஒண்ண சொல்லிர்றேன், இது நடுநிலையான ரிவ்யூ கெடையாது. ராமநாதபுரம் கடக்கரையில அஞ்சு சமையக்கட்டு சேந்து ஒரே எடத்துல சாமான் வாங்குறோம், அந்த அஞ்சையும் கூட்டி ஒக்கார வச்சது நாந்தான். நல்லது சொன்னா அவ ஆரம்பிச்சது, அப்படித்தான் சொல்லுவாம்பீங்க. பரவால்ல, குறையும் நெறைய இருக்கு, அதையும் மறைக்கப் போறதில்ல.

சப்ளை பண்ற குழு பேரு போடல. அந்த அக்காங்களே போடாதீங்கன்னுட்டாங்க, இருக்குற ஆர்டருக்கே அரவை மில்லு பத்தலயாம். முதுகுளத்தூர் பக்கம் மிளகா போடுற சம்சாரி வீட்டுப் பொம்பளைங்க, சாயல்குடி பக்கம் பனங்காட்டுக் குடும்பங்க, பாம்பனுக்கும் ஏர்வாடிக்கும் நடுவுல கரையில மீன் எடுக்குற பெரியம்மாங்க, இப்படி மூணு கூட்டம் சேந்த ஒரு கூட்டம்னு வச்சுக்கங்க.

வாங்குற பக்கம் நாங்க. மானியத்துல ஓடுற எங்க விடுதி, 86 பிள்ளைங்க. அது போக பள்ளிக்கூட விடுதி ஒண்ணு, முதியோர் இல்லம் ஒண்ணு, பயிற்சி நிலைய கேண்டீன் ஒண்ணு, அப்புறம் ஒரு அரசு விடுதி. அரசு விடுதி வார்டன் சார் மட்டும் ரூல் அனுமதிக்கிற சாமான்தான் எங்ககூட வாங்குவார். எல்லாம் சேத்தா நேரத்துக்கு ஏறக்குறைய 400 தட்டு.

முன்னாடி டவுன்ல ஒரு மொத்தக் கடையில வாங்கிட்டிருந்தோம். மூணு கொட்டேஷன் வாங்கணும், எது கம்மியோ அதுக்குக் கொடுக்கணும், ஆடிட்டுக்கு அதுதான் பேசும். மூணு கொட்டேஷனும் ஒரே கையெழுத்துல இருக்கும், அது வேற கதை. மிளகாப்பொடிய குழம்புல போட்டா செக்கச்செவேல்னு வரும், ஆனா கரண்டி புடிச்ச கையி ரெண்டு நாளைக்கு செவப்பு போகாது, காரம் மட்டும் இருக்காது. பருப்புல கல்லு. கருப்பட்டின்னு வந்தது முக்காவாசி சீனி.

ஆனா அந்தக் கடைக்காரர குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல. மானியம் மூணு மாசம் சில சமயம் அஞ்சு மாசம் கழிச்சு வரும், அது வரைக்கும் கடன்ல சாமான் போட்டு பிள்ளைங்கள பட்டினி போடாம காப்பாத்துனது அவர்தான். அந்தக் கடனுக்கு வட்டி எங்கன இருக்குன்னு நெனைக்கிறீங்க? பருப்புல இருந்த கல்லுல இருக்கு, மிளகாப்பொடி கலர்ல இருக்கு. பில்லுல வட்டின்னு எழுத முடியாதுல்ல.

அரசாங்கம் கொடுக்குற காசும் அம்புட்டுதான். 2023-ல அரசு விடுதி உணவுப்படிய பள்ளிப் பிள்ளைக்கு மாசம் 1,000-த்துலருந்து 1,400-ஆவும் காலேஜ் பிள்ளைக்கு 1,100-லருந்து 1,500-ஆவும் கூட்டுனாங்க. நல்ல விஷயந்தான். 1,400-அ முப்பதால வகுத்துப் பாருங்க, நாளைக்கு 46 ரூபா சொச்சம், மூணு நேரத்துக்கு. இதுல தரம், நியாயம்னு பேச வந்தா வார்டன் சார் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு "மேடம், நீங்க பேசிட்டுப் போயிருவீங்க, ஆடிட்டுக்கு நிக்கிறது நானு"ன்னாரு. அவரு சொன்னதும் சரிதான்.

மதுரையில ஒரு பயிற்சிக்குப் போனப்ப அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ் கதைய சொன்னாங்க. அந்த ஊரு நகராட்சியும் பள்ளிக்கூட நிர்வாகமும் 2012-ல சாப்பாட்டுச் சாமான் வாங்குறதுக்கு விலை மட்டும் பாக்காம அஞ்சு விஷயம் பாக்கணும்னு முடிவு பண்ணாங்களாம், உள்ளூர் பொருளாதாரம், சத்து, வேலை செய்றவங்களுக்கு நியாயம், சுற்றுச்சூழல், வளக்குற பிராணிங்க நலம். பிரேசில்ல இன்னும் ஒரு படி மேல, பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்குற காசுல 30 சதவீதமாவது சின்ன விவசாயக் குடும்பங்ககிட்டதான் வாங்கணும்னு 2009-ல சட்டமே போட்டுட்டாங்க. நான் இங்கிட்டு வந்து முதியோர் இல்லத்துத் திண்ணையில வச்சு இத சொன்னேன், அஞ்சாவதா ஆடு மாடு கோழின்னு வந்ததும் மீன்காரப் பெரியம்மா "அப்ப மீனுக்கு யாரு தாயி பேசுவா?"ன்னு கேட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட பதில் இல்ல.

எங்க நிர்வாகத்த சம்மதிக்க வச்சது லாஸ் ஏஞ்சல்ஸ் இல்ல. 1956-ல காமராஜர் மதிய உணவு, 1982-ல எம்.ஜி.ஆர் சத்துணவு, 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம், இதெல்லாம் பாத்த ஊருங்க நம்மளது. காலை உணவ சமைக்கிறதே மகளிர் குழு பொம்பளைங்கதான். பிள்ளைக்கு சமைச்சுப் போட அவங்கள நம்பலாம், மிளகாப்பொடி வாங்க நம்பக் கூடாதான்னு கேட்டேன். செயலாளர் ஐயா பேசாம கையெழுத்து போட்டார். ஒத்த விடுதிக்கு மாசம் 9 கிலோ பொடிதான் ஆகும், அதுக்காக எந்தக் குழுவும் மில்லு ஓட்டாது. அஞ்சும் சேந்தா 40 கிலோ, அப்பதான் அவங்களுக்கும் கட்டும். சேந்து வாங்குறதுக்கு இதுக்கு மேல தத்துவம் ஒண்ணுமில்ல.

சரி, சாமானுக்கு வருவோம்.

மிளகாப்பொடி: கண்ண மூடிட்டு வாங்கலாம். நம்ம குண்டு மிளகா, 2023-ல முண்டு மிளகாய்னு புவிசார் குறியீடு கெடச்சுச்சுல்ல, அதேதான். சோடை வத்தல தனியாப் பொறுக்கி எடுத்துட்டு, காம்பு கிள்ளி, காய வச்சு அரைக்கிறாங்க. நிறம் கொஞ்சம் கருஞ்செவப்பாத்தான் இருக்கும், பாத்தா டல்லாத் தெரியும். மொத வாரம் எங்க சமையல் மாஸ்டர் கலர் வரலன்னு ரெண்டு கரண்டி சேத்துப் போட்டு பிள்ளைங்க கண்ணுல தண்ணி வர வச்சுட்டார். இப்ப பழைய அளவுல பாதிதான் போடுறார், அதனால கிலோவுக்கு வெல கூட இருந்தாலும் மாசக் கணக்குல பெரிய வித்தியாசம் இல்ல. வயித்தெரிச்சலுன்னு மாத்திரை கேட்டு வர்ற பிள்ளைங்க கொறஞ்சிருக்கு, காரணம் பொடிதான்னு அடிச்சு சொல்ல மாட்டேன்.

கருப்பட்டி: சீசன்ல அருமை. பதநீ மாசி பங்குனியில ஆரம்பிச்சு ஆடியோட ஓஞ்சிரும், அப்ப வாங்குனா வெலையும் கட்டும். ஐப்பசி கார்த்திகையில வாங்குனா வெல ஏறிரும், ஈரத்துல கசிஞ்சு சாக்கோட ஒட்டிக்கிரும். போன மழைக்கு 12 கிலோ ஒரே கட்டியா வந்து அருவாமனையால வெட்டி எடுத்தோம். கசியுறது கலப்படம் இல்லங்கிறதுக்கு அடையாளம்னு குழுவுல சமாதானம் சொன்னாங்க, அது கொஞ்சம் உண்மை, கொஞ்சம் சாமர்த்தியம். சாக்க மாத்தி டின்னுல கொடுங்கன்னு ரெண்டு தடவ சொல்லியாச்சு, இன்னும் நடக்கல.

சித்திரைக்கார் அரிசி: இதுல தப்பு எங்க மேல. செகப்பரிசி, நம்ம மானாவாரிக் காட்டுல வெளையுறது, சத்துன்னு ஆசப்பட்டு மதியச் சோத்துக்கே வாங்கிப்புட்டோம். ஊற வைக்காம வெள்ளையரிசிக்கு வைக்கிற தண்ணியே வச்சு எறக்குனா, வெறச்சுப் போய் ஒரு அண்டா சோறு. பிள்ளைங்க தட்டுல வச்சுட்டு என்னையே பாக்குதுங்க. அன்னைக்கு பக்கத்து வீட்டு மாடுங்களுக்கு விருந்து. இப்ப ராத்திரியே ஊறப்போட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் காலையில கஞ்சி, தொட்டுக்க தேங்காத் தொவையலு, சட்டியக் கழுவுற மாதிரி காலி பண்ணிருதுங்க. முதியோர் இல்லத்துலதான் இதுக்கு மவுசு ஜாஸ்தி, அங்க ஒரு தாத்தா சின்ன வயசுல குடிச்ச கஞ்சின்னு ரெண்டாவது தடவ கேட்டு வாங்குறாராம்.

மீன்: இங்கதான் நட்சத்திரம் கொறையும். நாட்டுப்படகுல வர்ற சூடை, சாளை, காரப்பொடி, இதுதான் எங்க பட்ஜெட்டுக்கு. சின்ன மீனா இருந்தாலும் அன்னன்னைக்குப் புடிச்சது, டவுன்ல ஐஸ்ல கெடந்து கண்ணு வெளுத்துப் போன பெரிய மீன விட எவ்வளவோ மேல். ஆனா காத்து கடல் சரியில்லன்னா காலையில எட்டு மணிக்குத்தான் வாய்ஸ் நோட்டு வருது, "தாயி இன்னைக்கு மீனு இல்ல"ன்னு. 400 தட்டுக்கு அந்த நேரத்துல என்னத்த செய்ய? ரெண்டு தடவ முட்டைக்கு ஓடியிருக்கோம். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை, நாட்டுப்படகு போகும், ஆனா சந்தையில மொத்தமா மீன் கொறையுறதால சூடைக்குக் கூட வெல எகிறிரும். நல்லவேள மே மாசம் விடுதிக்கு லீவு. ஒருக்கா ஐஸோட சேத்து எட போட்டு 25 கிலோன்னாங்க, தண்ணி வடிஞ்சப்புறம் எங்க தராசுல 21. பெரியம்மாகிட்ட கேட்டேன், மறுவாரமே ஓட்டக்கூடை கொண்டாந்து தண்ணி வடிய வச்சு எங்க கண்ணு முன்னாடி எட போட்டாங்க. அந்த நாலு கிலோவையும் கழிச்சுக்கிட்டாங்க. கருவாடு மட்டும் வேண்டாம், மணல்ல காய வச்சது, எத்தன தண்ணி ஊத்திக் கழுவுனாலும் பல்லுல நறநறங்குது. வலை விரிச்சுக் காய வைங்க, அப்ப வாங்குறேன்னு சொல்லியிருக்கேன்.

காய்கறி கீரை அவங்ககிட்ட வாங்காதீங்க, முருங்கக்கீர தவிர. தண்ணியில்லாத சீமையில தக்காளிக்கும் கேரட்டுக்கும் லோக்கல்னு பிடிவாதம் புடிச்சா வாடுனதுதான் வரும். அது வழக்கம்போல மதுரை லோடுதான். உப்பும் இதுல சேராது, வாலிநோக்கத்துல எடுக்குற உப்புக் கழகத்து உப்பு கடையிலயே கெடைக்குது, சத்துணவுக்கே இரும்புச்சத்து சேத்து அங்கருந்துதான் போகுது, அப்புறம் என்ன.

டெலிவரி செவ்வாக்கெழம, குட்டியானை வண்டியில. பில்லு ஆரம்பத்துல நோட்டுப் பேப்பர்ல எழுதிக் கொடுத்தாங்க, ஆடிட்டர் தூக்கிப் போட்டுட்டார். அப்புறம் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வச்சு, நாங்க எடுத்தப்ப வருஷத்துக்கு 100 ரூபாதான் பீஸு, நம்பரோட பில்லு புக்கு அடிச்சுக் கொடுத்தோம். இப்பவும் தேதி போட மறந்துருவாங்க.

இனிமேத்தான் சொல்ல வந்த விஷயம்.

அவங்களால கடன் கொடுக்க முடியாது. அதனால பத்து நாள்ல பணம்னு எழுதிக் கொடுத்து, நாங்க நாலு பேரும் ஆளுக்கு 25,000 போட்டு ஒரு லட்சம் சுழல் நிதி வச்சோம், மானியம் வர வர நெரப்பிக்கிறதுன்னு. அரசு விடுதி காச முன்பணமா எடுக்க முடியாது, வார்டன் சார் அதுல இல்ல. ஒம்பது மாசம் ஒழுங்கா ஓடுச்சு. மார்ச் வந்துச்சு. வருஷக் கடைசி, கஜானாவுல பில்லு நிக்கிது, ரெண்டு எடத்துக்கு மானியம் வரல, நிதியும் காலி. 43 நாள் அவங்களுக்கு ஒத்தப் பைசா போகல.

மார்ச்சுலதான் மிளகா அறுப்பு. வருஷத்துக்கு வேண்டிய வத்தல அப்பப் புடிச்சாத்தான் வெல கட்டும், விட்டா மண்டிக்குப் போயிரும். கருப்பட்டியும் அப்பத்தான் எறங்கும். இந்த மண்ணு காசு கேக்குற மாசமும் அரசாங்கம் கைய மூடுற மாசமும் ஒண்ணா வந்து நிக்கிது, இத நான் எந்தப் பயிற்சியிலயும் கேட்டதில்ல. குழுத் தலைவி அக்கா தோட அடகு வச்சு வத்தல் புடிச்சிருக்காங்க, எங்களுக்குத்தான். எங்கிட்ட சொல்லல, சித்திரையில வெறுங்காதோட வந்தாங்க, நானாக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். சப்ளை ஒரு வாரம் கூட நிக்கல. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல, அந்த அழகான பேப்பர்ல பத்து நாள்னு எழுதுனது நானு.

அதனால நட்சத்திரம் போடணும்னா அவங்களுக்கு நாலு, மீனையும் கருவாட்டையும் நெனச்சு ஒண்ணு கொறச்சேன். அவங்க எங்களுக்குப் போட்டா ரெண்டு தேறுறது கஷ்டம்.

வாங்கணும்னு இருக்குற விடுதிக்காரங்க, கேண்டீன்காரங்களுக்கு: ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள ஆர்டர் சொல்லிரணும். கருப்பட்டிய ஆடிக்குள்ள வாங்கி டின்னுல அடைச்சிருங்க. மீனுக்கு ஒரு மாத்துச் சமையல் கையில வச்சுக்கங்க. மூணு மாசக் கடன்ல வேணும்னா அவங்க வாசலுக்கே போகாதீங்க, டவுன் கடையே ஒங்களுக்கு சரி.

இந்த வருஷம் தை பொறந்ததும் வத்தலுக்கு மட்டும் தனியா முன்பணம் கொடுத்துரணும்னு பேசியிருக்கோம், சுழல் நிதிய தொடாம. மூணு எடம் கையெழுத்து போட்டாச்சு. ஒரு நிர்வாகி மட்டும் அறுப்புக்கு முன்னாடி எதுக்குக் காசுங்கிறார். வர்ற வியாழக்கெழம அவரப் பாக்கப் போறேன், அக்காவையும் கூட்டிட்டு, கையில கால் கிலோ பொடியும் அடகுக்கடை ரசீதும் இருக்கும்.