லேப்டாப்புக்குள் எஸ்எஸ்டியா, ஹார்டு டிஸ்க்கா?

லேப்டாப்பில் ஃபைல்களைச் சேமித்து வைப்பது, சுற்றும் தட்டு உள்ள ஹார்டு டிஸ்க் அல்லது வெறும் சிப்களால் ஆன எஸ்எஸ்டி. ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100% என்று நிற்கும். ஆனால் அது படிக்கும் வேகமோ நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் காட்டும். பெரிய படம் ஒன்றை காப்பி செய்தால் நொடிக்கு 100 எம்பி ஓடுகிற அதே டிஸ்க்தான் இது. பிறகு ஏன் இந்தத் திணறல்?

லேப்டாப் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் 5400 ஆர்பிஎம், அதாவது உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். தட்டு ஒரு முறை சுற்றி வர 11 மில்லிவிநாடி ஆகும். கேட்ட தகவல், அதைப் படிக்கும் ஊசிக்கு அடியில் வந்து சேர சராசரியாக அதில் பாதி நேரம். அதற்கு முன் ஊசி தடம் மாறவே 12 மில்லிவிநாடி போல ஆகிவிடும். கூட்டிப் பார்த்தால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு 60 வாக்கில்தான் எடுக்க முடியும். விண்டோஸ் எழும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டித் துண்டுகள். ரேம் வேறு 4 ஜிபிதான் என்றால், இடம் போதாமல் அதற்கும் டிஸ்க்கிடமே வந்து நிற்கும்.

எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. எந்தத் துண்டைக் கேட்டாலும் 0.1 மில்லிவிநாடிக்குள் கிடைத்துவிடும். பழைய லேப்டாப் உயிர் பெற்றதுபோல் தோன்றுவது இதனால்தான். பெட்டியில் அச்சடித்திருக்கும் எம்பி கணக்கால் அல்ல. சாட்டா என்ற பழைய இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி தரும், என்விஎம்இ என்ற புதிய வகை 3500, அதற்கு மேலும் போகும். ஆனால் பிரவுசரும் எக்செல்லும்தான் உங்கள் வேலை என்றால், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவாகக் கண்ணில் படாது. 7000 என்ற எண்ணைக் காட்டிக் கடைக்காரர் விலையை ஏற்றினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம்.

அதைவிட முக்கியம், உங்கள் லேப்டாப்பில் என்ன பொருந்தும் என்பது. எம்.2 ஸ்லாட் (குச்சி போன்ற சிறிய எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) இருந்தாலும் சிலவற்றில் சாட்டா மட்டும், சிலவற்றில் என்விஎம்இ மட்டும் வேலை செய்யும். மாடல் எண்ணைப் போட்டுத் தேடிவிட்டு வாங்குங்கள். எம்.2 இல்லாத பழைய லேப்டாப்பா? ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிய இடத்திலேயே 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்கார்ந்துகொள்ளும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டிலிலிருந்து மேஜைக்குத் தூக்கிப் போனாலும் எஸ்எஸ்டிக்குக் கவலை இல்லை, சத்தமும் இல்லை. பேட்டரி கொஞ்சம் கூட நிற்கும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

"எழுத எழுதத் தேய்ந்துவிடுமாமே" என்ற பயம் இன்னும் இருக்கிறது. 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருவது சகஜம். தினமும் 40 ஜிபி எழுதினாலும் அதைத் தீர்க்க 20 வருஷம் ஆகும். அதற்குள் லேப்டாப்பே போய்விடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. ஹார்டு டிஸ்க் சாகும்முன் பல நேரம் டக் டக் என்று சத்தம் போடும், ஃபைல் திறக்க இழுக்கும். சுதாரித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் சிப் போனால் நேற்று வரை நன்றாக இருந்தது இன்று, லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸிலேயே தெரியாது. தவறி அழித்த போட்டோவை ஹார்டு டிஸ்க்கிலிருந்து மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் ட்ரிம் வசதி அந்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும். மின்சாரமே கொடுக்காமல் வருஷக்கணக்கில் பீரோவில் வைக்கவும் எஸ்எஸ்டி ஏற்றதல்ல. ஒரு ஜிபிக்கு ஆகும் செலவிலும் ஹார்டு டிஸ்க்தான் மலிவு.

அதனால் என் கணக்கு இது: லேப்டாப்புக்குள் எஸ்எஸ்டி, அதில் பேச்சே இல்லை. 500 ஜிபி பெரும்பாலானவர்களுக்குப் போதும். கல்யாண வீடியோ, பழைய போட்டோ எல்லாம் வெளியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு பிரதியாக இருக்கட்டும். கழற்றிய பழைய டிஸ்க்கையே யுஎஸ்பி கேஸில் போட்டுப் பயன்படுத்தலாம். அதற்கு முன் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு முறை பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால், அந்த டிஸ்க்கை பேக்கப்புக்கு நம்ப வேண்டாம்.