க்ரூஸ் கன்ட்ரோல் மக்கர்: நாமே பார்ப்பதா, ஸ்கேனரா, ஒர்க்‌ஷாப்பா?

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே காரை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாமல் போனால் மூன்று வழிகள் உண்டு. நாமே குனிந்து பார்க்கலாம், கார் கம்ப்யூட்டரில் பதிந்த கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகலாம், இல்லையென்றால் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடலாம். பலர் நேராக ஸ்கேனருக்குப் போகிறார்கள். முதல் வேலையே அது என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் கோளாறு எந்த ரகம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டில் விளக்கே வரவில்லையா? விளக்கு வந்தும் வேகம் செட் ஆகவில்லையா? செட் ஆகி, கொஞ்ச தூரத்தில் தானே கழன்றுவிடுகிறதா? விளக்கே வராவிட்டால் ஃபியூஸ், ஸ்டீயரிங் பட்டன் பக்கம் சந்தேகம். மற்ற இரண்டிலும், பிரேக் பெடல் மிதிபட்டதைக் கண்டுசொல்லும் பிரேக் சுவிட்ச்தான் முதல் குற்றவாளி. (பல கார்களில் மணிக்கு 40 கி.மீ. வாக்கில் ஒரு குறைந்தபட்ச வேகம் இருக்கும். அதற்குக் கீழே செட் ஆகவில்லை என்றால் அது கோளாறே அல்ல.)

கண்ணும் காலும்

செலவில்லாத இந்த வழியில்தான் விஷயம் அதிகம். ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக்கை மிதித்து விடுங்கள். காலை எடுத்த பிறகும் பிரேக் லைட் எரிந்தால், சுவிட்ச் நகர்ந்திருக்கலாம், அல்லது பெடலில் சுவிட்சின் முனை படும் இடத்தில் இருக்கும் சின்ன ரப்பரோ பிளாஸ்டிக்கோ பொடிந்து விழுந்திருக்கலாம். வண்டியின் கம்ப்யூட்டருக்கு நீங்கள் எப்போதும் பிரேக்கில் கால் வைத்திருப்பதாகத் தெரியும். க்ரூஸை எப்படி அனுமதிக்கும்? லைட் எரியவே இல்லை என்றாலும் அது மறுக்கக்கூடும். சில பழைய கார்களில் க்ரூஸ் யூனிட் பிரேக் பல்பின் இழை வழியாகவே எர்த் எடுக்கும். அங்கே எல்இடி பல்பு மாட்டினால் க்ரூஸ் நின்றுபோவதுண்டு. பல்பை மாற்றியவருக்கு அந்தச் சந்தேகமே வராது.

கியர் போட்டு ஓட்டும் வண்டி என்றால் கிளட்ச் பெடலிலும் இதே மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும். அதையும் பாருங்கள். அப்புறம் ஹாரனை அடித்துப் பாருங்கள். க்ரூஸ் பட்டன்களோடு ஹாரனும் சேர்ந்து ஊமையாகி, ஏர்பேக் விளக்கும் எரிந்தால், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற ஒயர் பட்டை அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வழியின் பலவீனம் ஒன்றுதான், ஆனால் பெரியது. பிரேக் லைட் ஒழுங்காக எரிகிறது என்பதால் சுவிட்ச் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலான சுவிட்சுகளுக்குள் இரண்டு சர்க்யூட் உண்டு. ஒன்று லைட்டுக்கு, இன்னொன்று கம்ப்யூட்டருக்கு. இரண்டாவது மட்டும் செத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்கேனர்

அங்கேதான் ஸ்கேனருக்கு வேலை. ஆனால் எந்த ஸ்கேனர் என்பது முக்கியம். போனோடு இணையும் மலிவு ரகங்கள் பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் கோளாறு எண்களை) மட்டுமே படிக்கும். பி0571 அல்லது பி0504 வந்தால் பிரேக் சுவிட்ச் பக்கம், பி0500 வந்தால் வேக சென்சார் பக்கம் கைகாட்டுகிறது என்று பொருள். கோடு சொல்வது சர்க்யூட்டை, பாகத்தை அல்ல. பி0571-ஐப் பார்த்ததும் புது சுவிட்ச் வாங்குவது அவசரம். ஒயர் அறுந்தாலும் அதே கோடு வரும்.

இன்னொன்று: செக் இன்ஜின் விளக்கு எரிந்தாலே பல கார்கள் க்ரூஸை முடக்கிவிடும். க்ரூஸில் ஒரு குறையும் இருக்காது, இன்ஜினில் எரிபொருள் சரியாக எரியாத மிஸ்ஃபயர்தான் காரணமாக இருக்கும். இதைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. சக்கர வேக சென்சார் கெட்டு ஏபிஎஸ் விளக்கு எரிந்தாலும் இதே கதைதான், ஆனால் அந்தக் கோடுகளை மலிவு ஸ்கேனர் பெரும்பாலும் காட்டாது.

என்னைக் கேட்டால், லைவ் டேட்டா (அந்தந்த நொடியின் நிலவரம்) காட்டாத ஸ்கேனருக்குக் காசு கொடுக்க வேண்டாம். பெடலை மிதிக்கும்போது பிரேக் நிலை மாறுகிறதா, செட் பட்டனை அழுத்தினால் சிக்னல் போகிறதா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சில கார்களில் க்ரூஸ் கடைசியாக ஏன் கழன்றது என்ற காரணத்தையே கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வேக்குவத்தில் (காற்றை உறிஞ்சும் விசையில்) இயங்கும் பழைய க்ரூஸ் என்றால் கணக்கு தலைகீழ். ஸ்கேனருக்குச் சொல்ல அதிகம் இருக்காது. வெடித்த ரப்பர் குழாயும் தளர்ந்த கேபிளும் கண்ணுக்கே சிக்கும்.

ஒர்க்‌ஷாப்

இரண்டு விஷயங்களுக்கு யோசிக்காமல் போகலாம். ஒன்று, கிளாக் ஸ்பிரிங். ஏர்பேக்கைக் கழற்றாமல் அதை எட்ட முடியாது, வீட்டில் கை வைக்கும் இடமல்ல. மற்றது, முன்வண்டியைப் பார்த்து வேகம் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ். ரேடார் மீது சேறு இருந்தால் துடைத்துப் பாருங்கள். பம்பர் வேலையோ முன்கண்ணாடி மாற்றமோ நடந்த பிறகு இந்தக் கோளாறு வந்தால், ரேடாரையோ கேமராவையோ திரும்ப அளவுபடுத்த வேண்டியிருக்கும். அதற்கான கருவி அவர்களிடம்தான் இருக்கும். போகும்போது "க்ரூஸ் வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், எந்த விளக்கோடு சேர்ந்து என்று சொல்லுங்கள்.

க்ரூஸ் கழல மறுக்கிறது என்றால் மட்டும் இந்த ஒப்பீடெல்லாம் செல்லாது. பிரேக்கை அழுத்தி மிதித்து, நியூட்ரலுக்கு மாற்றி, ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஓட்டிப் போகாமல் இழுத்துப் போகச் சொல்லுங்கள்.