கல்யாண ஃபுல் கான்ட்ராக்ட்: விலை சாப்பாட்டுக்கு அல்ல, முந்தைய மூன்று நாளுக்கு

தமிழ்நாட்டில் கல்யாணச் சமையலை ஒப்படைக்க மூன்று வழி உண்டு. முதலாவது கூலிக் கான்ட்ராக்ட். மாஸ்டரும் ஆட்களும் வருவார்கள். மளிகை, காய்கறி, பால், கேஸ், இலை எல்லாம் வீட்டார் வாங்கிப் போடவேண்டும். இரண்டாவது இலைக் கணக்கு. பொருள் அவர்களுடையது, விழுந்த இலைக்கு இவ்வளவு என்று பணம். மூன்றாவது ஃபுல் கான்ட்ராக்ட்: சமையலோடு மேடை அலங்காரம், மாலை, நாதஸ்வரம், சீர் பட்சணம், தாம்பூலப் பை, சில இடங்களில் சடங்கு செய்துவைக்கும் வாத்தியார் வரைக்கும் ஒரே கை. இங்கே எடை போடுவது இந்த மூன்றாவதை. அதற்கு ஒரே ஒரு கேள்விதான்: முகூர்த்தத்துக்கு முந்தைய மூன்று நாளில் பெண்ணைப் பெற்றவர்கள் பெண்ணோடு நிதானமாக உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிட முடிந்ததா?

ருசியை நம்பி இதை எடுக்காதீர்கள். கூலிக்கு நல்ல மாஸ்டர் அமைந்தால் சாம்பாரும் ரசமும் இதைவிட நன்றாகவே இருக்கும், செலவும் குறையும். ஆனால் அதில் ஸ்டோர் ரூம் சாவி நம் இடுப்பில் இருக்கும். விடியற்காலைக் காபிக்குப் பால் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி, பந்தி நடுவில் "நெய் தீர்ந்துபோச்சு சார்" என்று ஆள் வந்து நிற்பது வரைக்கும், வீட்டில் ஒருவர் அந்த அறை வாசலை விட்டு நகர முடியாது. கெட்டிமேளத்தை ஸ்டோர் ரூமுக்குள்ளிருந்தே கேட்ட சித்தப்பா ஒருவர் பல குடும்பங்களில் இருப்பார். ஃபுல் கான்ட்ராக்டில் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்தச் சித்தப்பாவை மேடைக்கு அனுப்பத்தான்.

நேரம் மிச்சமாகும் இடங்களில் முதலில் வருவது சீர் பட்சணம். வகைக்கு 51 என்று லட்டு, மைசூர்பாகு, அதிரசம், முறுக்கு, கூடவே ஒரு ஜோடி பருப்புத் தேங்காய் என வீட்டில் இறங்கினால், பெரியவர்கள் நாலு பேர் நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால்தான். அதோடு, அவசரம் வேண்டாம் என்று பதினைந்து நாள் முன்பே சுட்டு வைக்கும் வீடுகளில் சபையில் தட்டு வைக்கும்போது முறுக்கில் சிக்கு வாடை வந்துவிடுகிறது. கான்ட்ராக்டரிடம் இரண்டு விஷயம் எழுதி வாங்குங்கள். சுடுவது கல்யாணத்துக்கு ஐந்து நாளுக்குள் இருக்கவேண்டும். வகைக்கு ஐந்து உபரி வேண்டும். பெரிய சுற்று முறுக்கு வண்டியில் வரும்போது உடையும். தகர டின்னில் படுக்கைவாட்டில், அடுக்குக்கு அடுக்கு தாள் போட்டு வரச் சொல்லுங்கள். பாட்டிக்கு மனசு கேட்கவில்லை என்றால் 11 அதிரசத்துக்கு மட்டும் மாவு பிசைந்து, ஒரு சாயங்காலம் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சுடுங்கள். தட்டில் அதையே மேலே வைத்தால் பாட்டிக்கும் திருப்தி.

அடுத்தது தாம்பூலப் பை. 500 பை என்றால் 500 தேங்காய், 1000 வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். முதல் நாள் ராத்திரி ஒரு மணி வரைக்கும் கூடத்தில் உட்கார்ந்து இதைக் கட்டுவதை ஒரு சடங்கு போலவே பல வீடுகளில் செய்கிறார்கள். தேவையே இல்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் இரண்டு பேர் மண்டபத்திலேயே முடித்துவிடுவார்கள். பார்க்கவேண்டியது மூன்றுதான். தேங்காய் குடுமியோடு வரவேண்டும், அழுகல் விரிசலுக்கு 25 கூடுதல். பிளாஸ்டிக் சாக்கில் அடைத்து வைத்தால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும் என்பதால் வந்தவுடன் தரையில் பரப்பச் சொல்லுங்கள். வெற்றிலையைக் காலையில்தான் போடவேண்டும். ராத்திரியே போட்டால் தேங்காய் ஈரத்தில் கறுத்துவிடும். காகிதப் பையின் கைப்பிடி தேங்காய்க் கனத்துக்கு அறுந்துவிடும், துணிப்பையே நல்லது.

பூ விஷயத்தில் இந்தச் சேவை பாதிதான் தேறும். வளர்பிறை முகூர்த்த நாளில் தோவாளை, மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைகளில் மல்லி விலை ஏறும். அந்த ஏற்றம் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், மாலையின் கனம் குறைவதில் முடியும். மாலைக்கு இத்தனை அடி, என்ன பூ, எத்தனை ஜோடி, எத்தனை மணிக்கு மண்டபத்தில் இருக்கவேண்டும் என்று எழுதுங்கள். "நல்ல மாலை" என்று எழுதியதற்கு அர்த்தம் கிடையாது.

இவ்வளவு கொடுத்தும் வீட்டாருக்கு நேரம் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் கான்ட்ராக்டர் காரணமில்லை. ஒப்படைத்த வேலையையே வீட்டில் இன்னொரு தடவை செய்கிறார்கள். "எதுக்கும் இருக்கட்டும்" என்று பத்துக் கிலோ சர்க்கரை, நாலு டின் எண்ணெய், கூடவே காசியாத்திரைக்கு இன்னொரு குடை. அந்த ஒரு வார்த்தைக்குத் தனியாக ஒரு பட்ஜெட் போடலாம். மண்டபத்துக்கு வந்த சரக்கை இறக்க இடமில்லாமல் சமையல் ஆட்கள் திண்டாடுவார்கள், மிஞ்சியதைத் திரும்பத் தூக்க மறுநாள் ஒரு டெம்போ வேண்டும். இன்னொன்று, கான்ட்ராக்டரின் ஒரே சூப்பர்வைசருக்கு நாலு பேர் நாலு உத்தரவு. பெரியப்பா பால் பாயசம் என்பார், மாமா பருப்புப் பாயசம் என்பார். சூப்பர்வைசர் கடைசியாகச் சொன்னவர் பேச்சைக் கேட்பார். பழி அவர்மேல் விழும்.

அதனால் பொறுப்பாளர் ஒருவர் மட்டும். அவர் பெண்ணின் அப்பா அம்மாவாக இருக்கக்கூடாது. தாய்மாமனும் வேண்டாம், அவருக்கு மேடையில் வேலை இருக்கிறது. மேடையில் வேலை இல்லாத ஒரு சித்தப்பா, அல்லது கணக்கு தெரிந்த அத்தை மகன் போதும். ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். சூப்பர்வைசரின் போனில் இவர் எண் மட்டும் இருந்தால் பாதிச் சத்தம் அடங்கும்.

கால அட்டவணையைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். மெனு 45 நாளுக்கு முன் முடிவு. ருசி பார்க்கக் கூப்பிட்டால் அவர்கள் அலுவலகத்துக்குப் போகாதீர்கள், அவர்கள் செய்யும் வேறொரு கல்யாணத்தின் மூன்றாம் பந்தி நேரத்தில் போய்க் காபி கேட்டுக் குடியுங்கள். டிகாஷன் நீர்க்கிறதா என்று அங்கேதான் தெரியும். ஆட்களின் எண்ணிக்கை 7 நாளுக்கு முன். முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பிருந்து எந்த மாற்றமும் கிடையாது, வீட்டில் யார் சொன்னாலும். அந்த மூன்று நாளில்தான் பந்தக்காலும் நலங்கும் வருகின்றன. ஊரிலிருந்து வரும் அத்தைகள் கூடத்தில் பாய் விரித்துப் பழங்கதை பேசுவதும் அப்போதுதான். பெண்ணின் அம்மா அந்த நேரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நிற்பார் என்றால் ஃபுல் கான்ட்ராக்ட் எடுத்ததே வீண்.

கான்ட்ராக்டரிடம் கொடுக்கக்கூடாதவை கொஞ்சம்தான்: திருமாங்கல்யம், கூறைப்புடவை, நகை, பெரியவர்களின் மருந்து, தட்சிணைக் கவர்கள், திருமணப் பதிவுக்கு வேண்டிய வயது, முகவரிச் சான்றுகளோடு பத்திரிகை இரண்டு. எல்லாம் ஒரே பையில், ஒரே ஆள் கையில். திருமணப் பதிவைத் தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் செய்யவேண்டும். பரபரப்பில் மறப்பவர்கள் அதிகம்.

பணத் தகராறு பெரும்பாலும் இலை எண்ணிக்கையில்தான் வரும். நாதஸ்வரக்காரர், போட்டோகிராபர், டிரைவர்கள் சாப்பிடுவதும் இலைதான், அதை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல்நாள் இரவு, காலை டிபன், மத்தியானச் சாப்பாடு மூன்றுக்கும் கூட்டம் வேறு வேறு. ஆள் வராவிட்டாலும் இத்தனை இலைக்குப் பணம் உண்டு என்று மூன்றுக்கும் ஒரே எண்ணிக்கையை உத்தரவாதமாகக் கொடுப்பது வீண் செலவு. எதிர்பார்ப்பதைவிடப் பத்து சதவீதம் குறைத்து உத்தரவாதம் கொடுத்து, மேலே போனால் இலைக்கு என்ன விலை என்று எழுதிக்கொள்ளலாம். ஒரு பந்திக்கு எத்தனை நாற்காலி என்பது மாறாது. பந்தி முடிந்தவுடன் காலி இடத்தைக் கழித்து எண்ணி, பொறுப்பாளரும் சூப்பர்வைசரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். கிழிந்ததால் மாற்றிப் போட்ட இலை கணக்கில் வராது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் இன்னும் சில கேள்விகள். அன்றைக்கு உங்களுக்கு எத்தனை கல்யாணம், எங்களுக்கு வரும் மாஸ்டர் யார்? பெரிய முகூர்த்தத்தில் ஒரே ஆள் மூன்று நாலு மண்டபம் எடுப்பார், கைதேர்ந்த மாஸ்டர் ஒரு மண்டபத்தில்தான் நிற்பார். உணவுப் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா? சொன்ன விலையில் வரி சேர்த்தியா? சமையல் சேவைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், தனி மண்டப வாடகைக்கு 18. ஜெனரேட்டர் டீசல், மின் யூனிட், துப்புரவுக் கட்டணம் ஆகியவை மண்டபத்தின் பில்லில் தனியாக வரும், கான்ட்ராக்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சொந்தச் சமையல்காரரைத்தான் வைக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் மண்டபங்களும் உண்டு. அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நூறு நூற்றைம்பது பேர் வரும் கோயில் கல்யாணத்துக்கு ஃபுல் கான்ட்ராக்ட் அதிகப்படி. இலைக் கணக்கும் ஒரு பூக்காரரும் போதும். 400 பேருக்கு மேல், இரண்டு நாள், வெளியூர் உறவு என்றால் கொடுக்கும் பணத்துக்கு ஈடு உண்டு.

கடைசித் தவணையை எப்போது கொடுப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே போடுங்கள். மத்தியானப் பந்தி முடிந்த கையோடு கணக்குத் தாளை நீட்டுவது இந்தத் தொழிலின் வழக்கம். அதே நேரத்தில்தான் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். மீதிப் பணம் மறுநாள் பதினொரு மணிக்கு, பொறுப்பாளர் வீட்டில், கையெழுத்தான இலைத் தாளை வைத்துக்கொண்டு என்று எழுதுங்கள். நல்ல கான்ட்ராக்டர் மறுக்கமாட்டார். மறுப்பவரிடம் முன்பணமே கொடுக்காதீர்கள்.