மோட்டார்ஹோமில் டிஷ்: கூரை மேலா, தரையிலா?

அமெரிக்காவில் மோட்டார்ஹோமில் (வீடு போல் தங்கிப் பயணிக்கும் வண்டியில்) செயற்கைக்கோள் வழியே சந்தா டிவி பார்க்க இரண்டு வழி: கூரையில் பொருத்தும் தானியங்கி ஆன்டெனா, அல்லது தரையில் முக்காலி மேல் நிறுத்தும் டிஷ்.

கூரை ஆன்டெனா சுகமானது. வண்டியை நிறுத்தி பட்டனை அழுத்தினால், தானே சுழன்று செயற்கைக்கோளைப் பிடித்துவிடும். ஆனால் மரத்தடியில் நிறுத்தினால் வேலைக்காகாது. செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால் ஆன்டெனா தெற்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டும். வடக்கே போகப் போக அவை வானில் இன்னும் தாழ்வாகத் தெரியும். அந்தப் பக்கம் ஒரு பைன் மரம் நின்றாலே படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்புறம் போயே போய்விடும்.

முக்காலி என்றால் வண்டி நிழலில் குளுகுளுவென்று நிற்கட்டும். கேபிளை இழுத்து டிஷ்ஷை வெட்டவெளியில் வைத்தால் போதும். ஆனால் ஒன்று, முக்காலியின் குழாயை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்த வேண்டும். அது சாய்ந்திருந்தால் சிக்னலைத் தேடியே பொழுது போய்விடும். காற்றுக்குச் சாயாமலிருக்க நடுவில் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள்.

தினம் ஓர் ஊர் என்று ஓடுபவர்களுக்குக் கூரை சரி. காட்டு முகாமில் வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கு முக்காலிதான்; என் ஓட்டும் அதற்கே.

சேவையையும் பார்த்து வாங்குங்கள். டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் டிவி நிறுவனத்தின் ஹெச்டி சேனல்கள் கா-பேண்ட் என்ற உயர் அதிர்வெண் அலைவரிசையில் வருவதால் சிறிய குமிழ் வடிவ ஆன்டெனாக்களுக்குச் சிக்காது. இன்னொரு நிறுவனமான டிஷ் நெட்வொர்க்கில் அந்தச் சிக்கல் இல்லை.