புக்கிட் துங்குவில் வீடு பார்க்கிறவர்கள் முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் 18,000 வெள்ளியை (ரிங்கிட்) தொலைத்தேன். தொலைந்தது தெரியவே எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

என் அப்பா எழுபதுகளில் கென்னி ஹில்ஸில் ஒரு பங்களாவுக்கு டிரைவராக இருந்தார். இப்போதைய புக்கிட் துங்குதான் அது. பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப் போவார். கேட்டுக்கு உள்ளே நான் போனதில்லை. வெளியே மரத்தடியில் காரோடு காத்திருப்போம். கோலாலம்பூருக்கு நடுவில் இருந்தும் குரங்குச் சத்தம்தான் கேட்கும். அந்தப் பக்கம் ஒரு பழைய கொண்டோ 9 லட்சம் வெள்ளிக்கு வருகிறது என்று விளம்பரம் பார்த்ததும் ஆசை பிடித்துக்கொண்டது. விலை குறைவாக இருப்பது அப்போதே உறுத்தியிருக்க வேண்டும்.

சந்தேகமே படவில்லை என்று சொல்ல முடியாது. உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி 1993-இல் மண்சரிவால் இடிந்து 48 பேர் இறந்ததை மறக்காத தலைமுறை நாங்கள். அதனால் என் சந்தேகமெல்லாம் மலை மேல்தான். கொண்டோவுக்குப் பின்னால் இருந்த தாங்குசுவரையே ஒரு மணி நேரம் பார்த்தேன். நீர் வடியும் துளைகள் அடைத்திருக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, கால்வாயில் மண் விழுந்திருக்கிறதா. எல்லாம் ஒழுங்கு. ஏஜெண்ட் தம்பி எனக்குக் குடை பிடித்தபடி கூடவே நின்றார். நம் பையன்தான். அப்பா கதையையும் சொல்லித் தொலைத்தேன். "அப்பா காரோட்டின ரோட்டுல மகன் வீடு வாங்குறீங்கண்ணே" என்றார்.

மறுநாள் மோன்ட் கியாராவிலிருந்து இன்னொருவர் பணம் கட்ட வருகிறாராம். "லாயர்கிட்ட கேட்டுட்டுக் கட்டலாங்க" என்று மனைவி சொல்லியும் கேட்காமல் அன்றிரவே விலையில் 2 விழுக்காட்டை முன்பணமாக அனுப்பினேன். ஒரு தனி ஆளின் கணக்குக்கு. ஓனர் கணக்கு என்று சொன்னார்.

அப்புறம் வழக்கறிஞர் நில அலுவலகத்தில் தேடிப் பார்த்தால் கிராண்டில் (உரிமைப் பத்திரத்தில்) வேறு பெயர். உண்மையான உரிமையாளர் ஒரு சீன அம்மா. விற்கும் எண்ணமே அவருக்கு இல்லை. வீட்டை இரண்டு மாத வாடகைக்கு விட்டிருக்கிறார். சாவி இந்தத் தம்பி கைக்கு வந்தது அப்படித்தான்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிவப்பு ஆர்இஎன் அட்டை (பதிவு பெற்ற நெகோஷியேட்டர், அதாவது வீடு விற்றுத் தரும் ஏஜெண்டின் அடையாள அட்டை) நிஜமானதுதான், ஆனால் வேறொருவருடையது. அட்டையில் உள்ள எண்ணை, ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் தட்டினால் பெயரும் நிறுவனமும் வந்துவிடும். அந்த நிறுவனத்துக்கே போன் செய்து கேளுங்கள். நான் காலம் கடந்து செய்தபோது, "நீங்க மூணாவது ஆள் சார்" என்றார்கள். முன்பணம் நிறுவனத்தின் கிளையண்ட் கணக்குக்குத்தான் (வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்கு) போக வேண்டும், நெகோஷியேட்டர் தன் பெயரில் வாங்கவே கூடாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்தாயிற்று. தேசிய மோசடி உதவி மையத்தின் 997-க்கும் அழைத்தேன். பணம் போன கையோடு அழைக்க வேண்டிய எண் அது. பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் கணக்கில் மிஞ்சியது 41 வெள்ளி.

நேற்று அதே படங்களோடு இன்னொரு விளம்பரம் பார்த்தேன். இப்போது விலை 8 லட்சத்து 60 ஆயிரம். பால்கனியில் ஒற்றை நீல நாற்காலி கிடந்தால் அதே வீடுதான்.