செட்டிநாட்டு வீட்டு அடுப்படிக்கு எந்தக் குழாய்: பித்தளையா, எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து கல்யாணத்துக்கும் முன்னோரை வழிபடும் படைப்புக்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. குடிநீரில் காரீயம் (லெட் என்னும் நச்சு உலோகம்) கலப்பதைப் பொறுத்தவரை இது சிறிய செய்தியன்று. குழாய்க்குள் தண்ணீர் எவ்வளவு காலம் தேங்குகிறதோ அந்த அளவுக்கு உலோகம் அதில் கரைய வாய்ப்புண்டு. குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 அனுமதிக்கும் காரீயத்தின் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், இதில் தளர்வே கிடையாது.

பித்தளை எளிதாகக் கடைசலுக்கு வர வேண்டும் என்பதற்காகவே அதில் காரீயம் சேர்க்கப்படுகிறது. 2 முதல் 3 சதவீதம் என்பது சாதாரணம். அமெரிக்காவில் 2014 முதல் தண்ணீர் படும் பாகங்களில் சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் கூடாது. பளபளக்கும் குரோம் பூச்சை நம்பிப் பயனில்லை, அது வெளிப்புறத்துக்கானது. புதிய பித்தளைக் குழாயில்தான் தொடக்க வாரங்களில் கூடுதலாகக் கரையும் என்பதால், பழையதைக் கழற்றிவிட்டுப் புதுப் பித்தளையை மாட்டுவது தீர்வாகாது. முற்றத்தில் பிடித்த மழைநீரை அண்டாவிலிருந்து மொண்டு குடித்தவரை இந்தச் சிக்கல் இல்லை. தாது உப்பு குறைந்த அதே நீரைத் தொட்டியில் ஏற்றிப் பித்தளைக் குழாயில் பிடித்தால், உப்புப் படியும் போர்த் தண்ணீரைவிட அது உலோகத்தை அதிகம் அரிக்கும்.

எவர்சில்வர் குழாயில் இந்தக் கவலை இல்லை. விலை கூடுதல்தான், உள்ளே இருக்கும் தண்டும் எவர்சில்வர்தானா என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும், சிலவற்றில் அது பித்தளை. பிளாஸ்டிக் குழாய் மலிவு, பித்தளையிலிருந்து காரீயம் கரையும் சிக்கலும் இல்லை; ஆனால் மரை சீக்கிரம் தேயும். குழாய் வரை தண்ணீர் கொண்டுவரும் பைப்புகளில் சி.பி.வி.சி. (குளோரின் கூட்டிய பி.வி.சி. பிளாஸ்டிக்) நல்லது. பி.வி.சி.யில் காரீய நிலைப்படுத்திகளை (பிளாஸ்டிக் சூட்டில் சிதையாதிருக்கச் சேர்க்கும் காரீயப் பொருள்களை) விலக்கும் இந்திய விதிகள் 2021இல்தான் வந்தன, ஆகவே அதற்கு முந்தைய பைப்புகளைச் சந்தேகிக்கலாம்.

காய்ச்சுவதால் காரீயம் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். ஆர்.ஓ. நீக்கும், ஆனால் பாதித் தண்ணீருக்கு மேல் வீணாக்கும் அதை, எப்போதாவது திறக்கும் வீட்டில் பராமரிப்பது வீண் செலவு என்பேன்.

எல்லாக் குழாய்களையும் மாற்றத் தேவையில்லை. அடுப்படியில் குடிக்கவும் சமைக்கவும் பிடிக்கும் ஒன்றை மட்டும் எவர்சில்வராக்கி, வீட்டைத் திறந்த அன்று தொட்டியைக் காலிசெய்து பைப்பில் நின்ற நீர் முழுவதும் போகும்வரை திறந்துவிட்டால் பெரும்பங்கு தீரும். அந்த நீரில் வளவை (வீட்டின் உள்முற்றப் பகுதியை) கழுவலாம். ஆய்வகத்துக்கு அனுப்புவதானால், இரவு முழுதும் தேங்கிய பின் காலையில் விழும் முதல் தண்ணீரையே பிடிக்க வேண்டும். ஓடவிட்டுப் பிடித்தால் குழாயின் குறை அதில் தெரியாது.